சங்குமுனைக்குப் போன கம்பிக்காரன்

கொட்டகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் வந்து லோரன்ஸ் வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். கம்பிக்காரன் வீடு என்று கேட்டால் உடனே கையை நீட்டிக் காட்டுவார்கள். மேல்மலை உச்சியிலிருந்து கீழே ஆற்றோரத்து ஸ்டோர்வரைக்கும் ஒரு இரும்புக் கம்பி போகிறது. தேயிலை அரைக்கிற ஆலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். மேலே எடுத்த கொழுந்தைச் சாக்கில் கட்டி, கப்பி வைத்த கொக்கியில் மாட்டிக் கம்பியில் விட்டால், பள்ளத்தாக்கைத் தாண்டி மூட்டை தானாக வழுக்கிக்கொண்டு கீழே போய்ச் சேரும். மேலே நின்று அந்த மூட்டைகளை விடுகிறவன் லோரன்ஸ்.

தள்ளிவிடுவதில் என்ன இருக்கிறது என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். காற்று மாதங்களில் வந்து பார்த்தால் தெரியும். மூட்டை நடுப் பள்ளத்தாக்கில் போகும்போது ஒரு வீச்சு வந்து அடித்தால் ஊஞ்சல் மாதிரி ஆடிக் கொக்கி கழன்றுவிடும். அவ்வளவு கொழுந்தும் ஆற்றோடு போய்விடும். லோரன்ஸ் கொக்கியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். "காத்து மூச்சு வாங்கணும், அப்பதான் விடணும்" என்பான். வீச்சு ஓய்ந்து அடுத்தது கிளம்புவதற்குள் மூட்டை அக்கரை போயிருக்கும். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு எத்தனை அவசரப்படுத்தினாலும் அவன் கண்ணைத் திறக்க மாட்டான்.

அவனும் நானும் ஒரே லயத்தில், ஒரே வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள். சின்ன வயதிலேயே தாய் தகப்பன் போய்விட, அவனை வளர்த்தது அக்கா இராசம்மாதான். இராசம்மா கல்யாணமாகிப் புருஷனையும் இழந்து திரும்பி வந்தவள். ஆனால் முகத்தைத் தொங்கப்போட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் கவலையெல்லாம் ஒன்றே ஒன்று: தம்பிக்கு முப்பது தாண்டிவிட்டது, இன்னும் ஒரு பெண் அமையவில்லை.

அமையாததற்குக் காரணம் அவன் வாய். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு இடத்தில் பெண் பார்க்கப் போனார்கள். பெண்ணின் தகப்பன், "தம்பிக்கு என்னா வேலைங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். "மலையிலேருந்து மூட்டையைத் தள்ளிவிட்டுட்டு, அது செத்துச்சா பொழைச்சுச்சான்னு எட்டிப் பாக்குற வேலைங்க" என்றான் இவன். அவனோடு போயிருந்த நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பெண் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. தேத்தண்ணி ஆறுவதற்குள் நாங்கள் வாசலுக்கு வந்துவிட்டோம். இப்படியே நான்கைந்து இடம் தட்டிப்போனது.

கடைசியில் இராசம்மா நேர்த்தி வைத்தாள். மன்னார்ப் பக்கம் கடலோரத்தில் சங்குமுனை என்ற ஊரில் ஒரு சவேரியார் கோயில் இருக்கிறது. அந்தத் திருவிழாவுக்குத் தம்பியையே கூட்டிக்கொண்டு வந்து மெழுகுதிரி ஏற்றுவதாக வேண்டிக்கொண்டாள். ஐம்பதுகளின் நடுவில், ஒரு டிசம்பர் தொடக்கத்தில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். இனி நான் சொல்லப்போவதில் எதையும் என் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் அங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவர் வாயாலும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். கதையும் பெரும்பாலும் ஒத்துத்தான் போகிறது.

கொட்டகலையில் ரயில் ஏறி, பொல்காவலையில் மன்னார் ரயிலுக்கு மாறினார்கள். அந்தப் பெட்டியில் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டக்காரர்களும் இருந்தார்கள். அவர்களும் சங்குமுனைக்குத்தான் போகிறார்கள். எதிர் இருக்கையில் சூசைரட்ணம் என்ற பெரியவர். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலையில் சறுக்கி விழுந்ததில் அவருக்கு ஒரு கால் மடங்காது. அந்தக் காலை நீட்டி, கைத்தடியை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள் தெரேசா. தகப்பனை விட்டுப் போக மாட்டேன் என்று வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் திருப்பி அனுப்பியவள் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆள் கூட்டத்தைக் கண்டால் லோரன்ஸுக்குச் சும்மா இருக்க முடியாது. துரை சேற்றில் விழுந்த கதை, கங்காணியின் குடை பறந்த கதை என்று எடுத்துவிட ஆரம்பித்தான். பெட்டி முழுக்கச் சிரிப்பு. சூசைரட்ணம் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். தெரேசா மட்டும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லோரன்ஸ் குனிந்து, "ஏங்க்கா, அவங்களுக்குக் காது கேக்காதா?" என்று இராசம்மாவிடம் கேட்டான். அவன் மெதுவாகப் பேசுவது மற்றவர்கள் சத்தமாகப் பேசுவதற்குச் சமம்.

"காது நல்லாக் கேக்குதுங்க" என்றாள் தெரேசா, தலையைத் திருப்பாமலே. "அந்தக் கதைக்கு மத்தவங்க சிரிச்சதே போதும்னு நெனைச்சேன்."

பெட்டி மறுபடி சிரித்தது. இந்தத் தடவை லோரன்ஸைப் பார்த்து.

சங்குமுனைக் கோயில் ஊருக்குள் இல்லை. ஊரிலிருந்து கடலுக்குள் நாக்கை நீட்டியது போல ஒரு மணல்திட்டு போகிறது. அதன் குறுகிய கழுத்தைத் தாண்டியதும் கோயில். ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் களப்பு என்கிற ஆழமில்லாத உப்பங்கழி. கோயிலுக்குப் பக்கத்தில் மீனவர்களின் வாடி. கரைவலைகளையும் கயிறுகளையும் போட்டு வைக்கிற பெரிய கொட்டில் அது. கரைவலைக்குச் சொந்தக்காரரை அங்கே சம்மாட்டி என்பார்கள். சந்தியாகு என்பவர் சம்மாட்டி. ஐம்பது வயதுக்காரர். தோளும் கழுத்தும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி உடம்பு.

மலைநாட்டுக்காரர்கள் ஒருவரும் அதற்கு முன் கடலைப் பார்த்ததில்லை. லோரன்ஸ் மணலில் நின்று வெகுநேரம் பார்த்தான்.

"என்னாக்கா இது, இதுக்கு அக்கரையே இல்ல?"

கணுக்கால் நனைகிற அளவு இறங்கினான். அலை திரும்பிப் போகும்போது காலடி மணலை உருவிக்கொண்டு போனது. "ஐயோ, தரை ஓடுது!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். வாடிக்கு முன்னால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சந்தியாகு சம்மாட்டி ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டுக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அன்று மாலைக்குள் இரண்டு பேரும் நெடுநாள் சிநேகிதர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். கம்பியைப் பற்றி லோரன்ஸ் சொன்னதைச் சம்மாட்டி பாதிதான் நம்பினார். வாடியில் மலைபோலச் சுருட்டி வைத்திருந்த கயிற்றைக் காட்டி, இது முழுவதும் ஒரு வலைக்கு என்று சம்மாட்டி சொன்னதை இவன் பாதிதான் நம்பினான்.

திருவிழா குறையில்லாமல் நடந்தது. பூசை முடிந்ததும் பக்கத்து ஊர்க்காரர்கள் அன்றைக்கே போய்விட்டார்கள். மலைநாட்டுக்காரர்களுக்கு மறுநாள்தான் பஸ். அவர்கள் திட்டிலேயே திருவிழாவுக்குப் போட்ட ஓலைக் கொட்டில்களில் தங்கினார்கள்.

மறுநாள் பஸ் வரவில்லை. வானம் செம்பு நிறமாக இருந்தது. கடல் அலையே இல்லாமல் உள்ளே புரண்டுகொண்டிருந்தது. சம்மாட்டி வலை உலர்த்திய கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டே, "எல்லாரும் கோயிலுக்குள்ள போங்கோ. இப்ப ஊருக்கு நடக்க வெளிக்கிட வேண்டாம், வழியில புயல் பிடிச்சிடும்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் காற்று வந்துவிட்டது.

அந்த இரவைப் பற்றி யாரும் அதிகம் பேச மாட்டார்கள். கொட்டில்கள் எல்லாம் பறந்துபோயின. ஐம்பதுக்கு மேற்பட்ட பேர் கோயிலுக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கோயில் பாதிரியாரான பங்குச் சுவாமி செபமாலை சொல்ல, எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அலை இடிக்கிற ஒவ்வொரு தடவையும் செபம் ஒரு நொடி நின்று மறுபடி தொடங்கும். கூரையில் பாதி ஓடு போனது. ஆனால் சுவர்கள் நின்றன. விடியும்போது எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

வெளியே வந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. திட்டு ஊரோடு சேர்கிற குறுகிய இடத்தைக் கடல் வெட்டிவிட்டிருந்தது. நேற்று மணல் இருந்த இடத்தில் இன்று தண்ணீர் சுழித்துக்கொண்டு களப்புக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. அக்கரையில் ஊர்க்காரர்கள் பனைமரங்களுக்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டினார்கள். அவர்கள் இறக்கிய வள்ளம் ஒன்று கண்முன்னாலேயே கவிழ்ந்தது. அதிலிருந்த இரண்டு பேரும் கரையைப் பிடித்துத் தப்பினார்கள். காற்று விட்டுவிட்டு அடித்தது. கடல்தான் ஓயவில்லை. ஆள் உயரத்துக்கு மேலே அலைகள் எழும்பி உடைந்தன. கோயிலின் கடற்பக்கத்துச் சுவருக்கடியில் மணல் கரைந்து அத்திவாரக் கல் தெரிந்தது.

சம்மாட்டி அந்தக் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். "பின்னேரம் தண்ணி திரும்ப ஏறும்" என்றார்.

லோரன்ஸ் அக்கரையில் இருந்த பெரிய பனைமரத்தைப் பார்த்தான். திரும்பிக் கோயிலின் மணிக்கூண்டைப் பார்த்தான். மறுபடி பனையைப் பார்த்தான். மணிக்கூண்டு உயரம். பனையின் அடிமரம் தாழ்வு.

"சம்மாட்டி, ஒங்க கயிறு எவ்வளவு பாரம் தாங்கும்?"

"வலை நிறைய மீன் பட்டால் ஊரே சேந்து இழுக்கும். அறாது. ஏன்?"

"நம்ம தோட்டத்துக் கம்பியை இங்க கட்டிப்புடலாம்."

சம்மாட்டி அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு அவரும் மணிக்கூண்டைப் பார்த்தார், பனையைப் பார்த்தார். உடனே வாடிக்கு ஓடினார். கூரை போயிருந்தாலும் கயிற்றுக் குவியல் நனைந்தபடி அப்படியே கிடந்தது.

வேலை பிடித்துக்கொண்டது. மலைநாட்டு ஆண்களும் பெண்களும் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்து வந்தார்கள். பங்குச் சுவாமி கோயில் கிணற்றின் இரும்புக் கப்பியைத் தானே கழற்றிக் கொடுத்தார். "எண்ணெய் இருந்தா நல்லாருக்கும் சாமி" என்றான் லோரன்ஸ். சவேரியார் விளக்கிலிருந்த தேங்காய் எண்ணெயையும் அவர் சிரட்டையில் ஊற்றிக் கொண்டுவந்தார்.

அக்கரைக்குக் கயிற்றைக் கொண்டுபோவதுதான் பெரிய பாடு. சம்மாட்டி ஒரு மெல்லிய கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டார். வெட்டுக்கு வெகுதூரம் மேலே, கடற்பக்கமாக நடந்துபோய்த் தண்ணீரில் இறங்கினார். நீரோட்டம் அவரைச் சாய்வாக அடித்துக்கொண்டு வந்தது. தலை தெரியும், மறையும், தெரியும். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அக்கரைக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் கைகோத்து நின்று அவரைப் பிடித்து இழுத்தார்கள். அவர் எழுந்து நின்று கையைத் தூக்கினார். இக்கரையில் எழுந்த கூச்சல் காற்றையும் மீறிக் கேட்டதாம்.

மெல்லிய கயிற்றில் பெரிய கயிற்றைக் கட்டிவிட, அக்கரைக்காரர்கள் இழுத்துக்கொண்டார்கள். பனையின் அடிமரத்தைச் சுற்றி, கரைவலை இழுக்கிற மாதிரி வரிசையாக நின்று, தாளத்தோடு குரல் கொடுத்து முறுக்கி இழுத்தார்கள். தொய்ந்து கிடந்த கயிறு தண்ணீரைச் சொட்டிக்கொண்டு மெல்ல மேலே எழும்பியது. இக்கரையில் அதன் நுனியைக் கப்பிக்குள் கோத்து, படி ஏறிப் போய் மணிக்கூண்டின் மேல்தட்டில் கூண்டைச் சுற்றிக் கட்டியாகிவிட்டது. கப்பியின் கொக்கியில் கரைவலையின் மடியைத் தொங்கவிட்டான் லோரன்ஸ். மீன் வந்து சேருகிற பை மாதிரியான பகுதிதான் மடி. அதற்குப் பின்னால் இன்னொரு கயிறு. அதை மேல்தட்டுத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டால், போகிற வேகத்தைக் குறைக்கலாம், வெறும் மடியைத் திரும்ப இழுக்கலாம்.

முதலில் ஒரு சாக்கில் ஈரமணலை நிரப்பி விட்டுப் பார்த்தார்கள். ஆடாமல் போய்ச் சேர்ந்தது. மடி திரும்பி வந்தது. இனி ஆள் போக வேண்டும்.

எல்லோரும் கீழே சுழித்து ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார்கள். யாரும் முன்னால் வரவில்லை.

"என்னைய மூட்டையாக் கட்டப் போறீங்களா தம்பி?" என்றார் சூசைரட்ணம். "நான் மாட்டேன். இங்கயே சவேரியார் காலடியிலயே கெடக்குறேன்."

தெரேசா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். "நான் போறேன். நான் சரியாப் போய்ச் சேந்தா அப்பா வருவாங்க."

அந்த நேரத்திலும் லோரன்ஸின் வாய் சும்மா இருக்கவில்லை. "எத்தனை ராத்தல் இருப்பீங்க?"

"கொழுந்துத் தராசுல நான் ஏறினதில்லீங்க. நீங்களே கணக்குப் பண்ணிக்கங்க."

மடிக்குள் உட்கார்ந்து கண்ணிகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். லோரன்ஸ் தூணில் சுற்றிய கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடினான். ஒரு வீச்சு வந்தது. கயிறு விம்மியது. அவன் அசையவில்லை. வீச்சு குறைந்தது. இன்னும் குறைந்தது.

விட்டான்.

மடி வழுக்கிக்கொண்டு போனது. பாதி தூரம் போயிருக்கும், எதிர்பாராமல் இன்னொரு வீச்சு பக்கவாட்டில் வந்தது. மடி ஒரு பக்கமாகத் தூக்கி ஆடியது. லோரன்ஸ் கயிற்றை இழுத்துப் பிடித்து அதை நிறுத்தினான். கைத்தோல் உரிந்தது. நட்டநடு வெட்டுக்கு மேலே, நுரைத்து ஓடுகிற தண்ணீருக்கு மேலே, தெரேசா வலைக்குள் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தச் சிரிப்புக் கேட்டது. முதலில் அழுகிறாள் என்று நினைத்தார்கள். அழுகை இல்லை. வயிற்றிலிருந்து வருகிற பெரிய சிரிப்பு. கூந்தல் அவிழ்ந்து பறக்க, கால் இரண்டும் வலைக் கண்ணிக்கு வெளியே தொங்க, அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். காற்று அந்தச் சிரிப்பை இக்கரைக்குக் கொண்டுவந்து போட்டது.

"அடி ஆத்தே, எம் பிள்ளை சிரிக்குது!" என்றார் சூசைரட்ணம்.

வீச்சு ஓய்ந்தது. லோரன்ஸ் மெல்ல மெல்ல விட்டான். அக்கரைக்காரர்கள் அவளைத் தூக்கி இறக்கினார்கள். அவள் திரும்பி நின்று இரண்டு கையையும் வீசினாள். அவ்வளவுதான், பயம் போன இடம் தெரியவில்லை. நான் முதலில், நீ முதலில் என்று போட்டி. பிள்ளைகளை இரண்டு மூன்றாகச் சேர்த்து விட்டார்கள். அக்கரை போய்ச் சேர்ந்த பிள்ளைகள் இன்னொரு தடவை போக வேண்டுமென்று அழுதார்கள். சூசைரட்ணம் நீட்டின காலும் கைத்தடியுமாகப் போனார். தடி வலைக்கு வெளியே ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்க, அக்கரையில் பிடிக்க நின்றவர்கள் எல்லோரும் விலகிக்கொண்டார்கள். இராசம்மா கண்ணை இறுக மூடி, செபமாலையைச் சொல்லிக்கொண்டே போனாள். இறக்கிவிட்ட பிறகும் கண்ணைத் திறக்கவில்லை.

"அக்கா, வந்தாச்சுங்க" என்றாள் தெரேசா.

"இரும்மா, செபமாலையில இந்தப் பத்து முடியட்டும்."

பங்குச் சுவாமி நல்ல கனமான மனிதர். எல்லோரும் போன பிறகுதான் போவேன் என்று நின்றார். அர்ச்சித்த அப்பம் இருக்கிற நற்கருணைப் பேழையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மடியில் ஏறினார். கயிறு தொய்ந்தது. பாதியில் அலை எழும்பி அவரை இடுப்புவரை நனைத்தது. பேழையைத் தலைக்குமேலே தூக்கிக்கொண்டார். கரை சேர்ந்ததும் அங்கியைப் பிழிந்துகொண்டே, "எனக்கு இண்டைக்குத்தான் இரண்டாவது ஞானஸ்நானம்" என்றார்.

இக்கரையில் லோரன்ஸ் மட்டும் மிஞ்சினான். பின்கயிற்றைப் பிடிக்க ஆள் கிடையாது. கொழுந்து மூட்டை போகிற மாதிரி, பிடிமானம் எதுவுமில்லாமல் போக வேண்டும். அக்கரையில் சம்மாட்டிக்கு அது விளங்கிவிட்டது. காய்ந்த வலை, நனைந்த வலை, ஓலை, சாக்கு, எல்லாவற்றையும் பனைக்கு முன்னால் குவிக்கச் சொன்னார். லோரன்ஸ் மடியில் உட்கார்ந்தான், கண்ணை மூடினான், காத்திருந்தான். பிறகு காலால் உந்தினான்.

இத்தனை வருஷமாக ஆயிரக்கணக்கில் மூட்டைகளை விட்டவனுக்கு, மூட்டைக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாம். "ஊஊஊ" என்று ஒரு கூச்சலோடு வந்து குவியலுக்குள் தலைகுப்புற விழுந்தான். எத்தனையோ கண்ணிகளில் கை, கால், காது எல்லாம் மாட்டிக்கொண்டன. மீனவர்கள் சுற்றி நின்று, இந்த வருஷத்தில் பட்ட மீன்களில் இதுதான் பெரிசு என்று சிரித்தார்கள். சிக்கலை எடுக்க உட்கார்ந்தவள் தெரேசா. அவன் காதில் மாட்டியிருந்த கண்ணியை மெதுவாகக் கழற்றினாள்.

"வலிக்குதா?"

"இல்லீங்க" என்றான்.

சூசைரட்ணம் தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். மகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "தம்பி, ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

லோரன்ஸ் வாயைத் திறப்பதற்குள், அதுவரை கண்ணை மூடியிருந்த இராசம்மா கண்ணைத் திறந்தாள். "ஆகலைங்க! ஆகவே இல்லைங்க!" என்று ஓடி வந்தாள்.

சங்குமுனையில் பல வீடுகளுக்குக் கூரை இல்லை. பல வள்ளங்கள் உடைந்துபோயின. ரயில் பாதையிலும் தண்ணீர் நின்றதால் மலைநாட்டுக்காரர்கள் அங்கேயே சில நாட்கள் தங்க வேண்டியிருந்தது. ஊர்க்காரர்கள் இருந்த அரிசியைப் பொதுவாக உலையில் போட்டார்கள். மலைநாட்டுப் பெண்கள் கூரைக்குத் தென்னோலையில் கிடுகு பின்னக் கற்றுக்கொண்டு, கொழுந்து எடுத்த வேகத்தில் பின்னித் தள்ளினார்கள். லோரன்ஸ் கூரைகளின்மேல் ஏறிக் கட்டினான். கீழேயிருந்து கிடுகு எடுத்துக் கொடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லோரும் கரை சேர்ந்த அன்று பின்னேரம் ஏறிய தண்ணீர் கோயிலின் முன்மண்டபத்தைக் கொண்டுபோனது. மணிக்கூண்டு மட்டும் கயிற்றோடு நின்றது.

கிளம்புவதற்கு முதல் நாள் மணலில் உட்கார்ந்து பெரியவர்கள் பேசினார்கள். சூசைரட்ணம் மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். தெரேசா கொஞ்சம் யோசித்தாள்.

"எனக்குச் சம்மதம். ஆனா அப்பா எங்கூடத்தான் இருப்பாங்க. இன்னொன்னு, இவர் சொல்ற கதைக்கெல்லாம் நான் சிரிக்கணும்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்" என்றான் லோரன்ஸ், கோயிலில் சத்தியம் பண்ணுகிறவன் மாதிரி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு.

"அவன் பதில் சொல்லியாச்சு. மாத்திச் சொல்றதுக்குள்ள வெத்திலையைக் குடுங்க!" என்றாள் இராசம்மா.

பெரிய நோன்பு வருவதற்கு முன், குளிர் விடாத நாட்களில், எங்கள் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். சந்தியாகு சம்மாட்டியும் பெண்சாதியும் ஒரு மூட்டை கருவாட்டோடு வந்து இறங்கினார்கள். அந்த வாசத்துக்கு லயத்து நாய்கள் எல்லாம் ஸ்டேஷனிலிருந்தே ஊர்வலமாக வந்தன. கடலில் எதற்கும் அசையாத மனிதர், எங்கள் குளிருக்கு அசந்துபோனார். இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இங்க மனிசர் எப்படிக் குளிக்கிறவை?" என்று கேட்டார்.

"அது வருஷத்துக்கு ரெண்டு தடவைதாங்க, தீபாவளிக்கும் நத்தாருக்கும்" என்றான் மாப்பிள்ளை. சம்மாட்டி அதை நம்பிவிட்டார். தேயிலைக்குள் நடந்துவிட்டு வந்தபோது காலில் அட்டை கடித்திருப்பதைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்ற கண்டாக்கு ஓடி வந்தார். இரவு விருந்தில் தப்பு மேளம் அடித்தார்கள். கம்பளியைப் போர்த்தியபடியே சம்மாட்டி எழுந்து ஆட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவருக்குக் குளிரவில்லை.

அது நடந்து பத்து வருஷம் ஆகப்போகிறது. இரண்டு பிள்ளைகள். சூசைரட்ணம் லயத்துக் காம்பரா வாசலில் வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்து, பேரப்பிள்ளைகளைத் தடியால் மிரட்டிக்கொண்டிருக்கிறார். இராசம்மா, இனி யாருக்குக் கல்யாணம் பண்ணலாம் என்று லயம் லயமாகத் தேடிக்கொண்டு திரிகிறாள். போன கிழமை ஒரு நாள் காலையில் நான் வேலைக்குப் போகும்போது லோரன்ஸ் வாசலில் நின்று தெரேசாவுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தான். கையை விரித்து, குனிந்து, குதித்து, கதையில் வருகிற ஆள் மாதிரி நடித்தெல்லாம் காட்டினான். அவள் தலையில் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு, கடைசிவரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"சரி, அடுப்புல ரொட்டி கருகுது, போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மலைக்கு நடந்தாள். அவன் ஒரு நொடி நின்று என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, உள்ளே ஓடினான்.